பேர் வெச்ச கதை – 14: ஆனைக்குக் கடலில் ஒரு பங்காளி

தடாகம் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் வாழைத்தோட்டம். முந்தின ராத்திரி ஆனை வந்து போயிருந்தது. சாய்ந்து கிடந்த மரங்களை எண்ணி முடித்த தோட்டக்காரர், வரப்போரம் கிடந்த லத்தியைக் குச்சியால் பிரித்துக் காட்டினார்.

"பாருங்க தம்பி, தின்ன நாரு அப்படியே வெளிய வந்திருக்குது. பாதிகூடச் செரிக்கறதில்ல. மாடு இப்படியா போடும்?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தொடர் எழுத ஆரம்பித்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் அதன் பெயர், வழி, சொந்தம் என்றே புத்தி போகிறது. "ஏனுங்ண்ணா, இந்த ஆனைக்குக் கடல்ல ஒரு பங்காளி இருக்குதுங்க" என்றேன்.

"கடல்லயா? திமிங்கலமா?"

"இல்லீங்க. கடல்பசு."

குச்சியைக் கீழே போட்டார். "பசுன்னா மாட்டுக்கல்ல பங்காளி ஆகோணும்? ஆனைக்கு எப்படி ஆகும்?"

இதே கேள்வியோடு ஐரோப்பாவின் பெரிய பெரிய மண்டைகள் 200 ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கின்றன. சென்ற வாரம் வரை கோவை கௌலி பிரவுன் சாலையில், காஸ் வன அருங்காட்சியகத்தைச் சுற்றியே வந்துகொண்டிருந்தோம். இந்த வாரம் கொஞ்சம் கடல் வரைக்கும் போய்விட்டு வரலாம்.

உறவு பிரித்துப் பார்க்கும் வேலை கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. இங்கே வேளாளக் கவுண்டர் வீட்டில் பெண் பார்க்கப் போனால், பேரும் ஊரும் கேட்ட கையோடு "எந்தக் கூட்டமுங்க?" என்று கேட்பார்கள். ஒரே கூட்டமென்றால் பங்காளி. கொள்வினை கொடுப்பினைக்கு இடமில்லை. வேறு கூட்டமென்றால் மாமன் மச்சான் ஆகலாம். காடைக் கூட்டம் உண்டு, ஆந்தைக் கூட்டம் உண்டு. அதற்காகக் காடைக் கூட்டத்தாரைக் காடைப் பறவைக்குச் சொந்தம் என்று எவரும் நினைப்பதில்லை. பெயர் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது; வழி என்பது குலதெய்வக் கோயிலில் போய்ப் பார்க்க வேண்டியது. உயிரினங்களின் வகைப்பாட்டிலும் சிக்கல் இதுதான். கண்ணில் பட்டதை வைத்துப் பெயர் விழுந்துவிடுகிறது. வழி எலும்புக்குள்ளே ஒளிந்திருக்கிறது.

முதலில் யார் யார் என்று பார்த்துக்கொள்வோம். கடல்பசுக்களில் இன்று உயிரோடு இருப்பவை நான்கே சிற்றினங்கள். மூன்று மனாட்டிகள்: கரிபியன் கடலிலும் ஃபுளோரிடாவிலும் வாழ்வது ஒன்று, அமேசான் ஆற்றில் ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவில் ஒன்று. நான்காவதுதான் நம்முடையது. பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்று சொல்வது. உலகம் டுகாங் என்று சொல்வது. மனாட்டியின் வால் துடுப்புப் போல வட்டமாக இருக்கும். ஆவுளியாவின் வால் திமிங்கிலத்தினுடையது போல இரண்டாகப் பிரிந்திருக்கும். நான்கும் புல் தின்பவை, நான்கும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டியவை, நான்கும் குட்டி போட்டுப் பால் கொடுப்பவை. மனாட்டி இந்தியாவில் கிடையாது. ஆனால் ஆவுளியாவின் சாதகம் மனாட்டியின் சாதகத்தோடு பின்னிக் கிடப்பதால் ஒன்றைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

1493 ஜனவரி 9. ஹிஸ்பானியோலா தீவருகே கொலம்பஸ் மூன்று கடல்கன்னிகளைப் பார்த்ததாகக் குறிப்பில் எழுதினார். ஓவியத்தில் தீட்டுகிற அளவுக்கு அழகில்லை என்று குறையும் பட்டுக்கொண்டார். அவர் பார்த்தவை மனாட்டிகள் என்பதே இன்றைய கருத்து. முன்கையருகே மார்பு, குட்டியை அணைத்தாற்போல் பால் கொடுக்கும் கோலம், இடுப்புக்குக் கீழே மீன் வால் - மாதக்கணக்கில் கப்பலில் கிடந்தவர்களுக்கு இது போதாதா? மனாட்டி என்ற சொல்லே கரிப் மக்களின் மொழியில் மார்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அந்த மார்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு தீர்ப்பாகும்போது அது சாட்சிக்கு வரும்.

1758-ல் சுவீடனின் லின்னேயஸ் தன் பெருநூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டார். இன்றைய விலங்குப் பெயர்கள் அனைத்துக்கும் அதுதான் பிள்ளையார் சுழி. அதில் மனாட்டிக்கு டிரிக்கெக்கஸ் மனாட்டஸ் என்று பெயர். டிரிக்கெக்கஸ் என்றால் மயிருடையது. உடம்பில் அங்கங்கே விறைத்து நிற்கும் மயிரைப் பார்த்து வைத்த பெயர். அதை அவர் சேர்த்த வரிசைதான் வேடிக்கை. 'புரூட்டா' என்றொரு பெட்டி. அதற்குள் ஆனை, மனாட்டி, மரத்தில் தொங்கும் ஸ்லாத், எறும்புதின்னி, நம் ஊர் அழுங்கு ஆகிய ஐந்தையும் போட்டு மூடினார்.

ஆக, ஆனையையும் மனாட்டியையும் 1758-லேயே ஒரே பெட்டியில் வைத்தாயிற்று. ஆனால் பள்ளிக்கூடத்தில் சில பையன்கள் செய்வார்களே, வழியெல்லாம் தப்பு, விடை மட்டும் சரி, அந்தக் கதைதான் இது. லின்னேயஸ் பார்த்தது முன்வெட்டுப்பல் உண்டா இல்லையா என்பதை மட்டுமே. இல்லாததெல்லாம் புரூட்டா. ஆனையின் தந்தத்தை அவர் கோரைப்பல் என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் தந்தம் மேல்தாடையின் வெட்டுப்பல். அதுதான் நீண்டு வளர்ந்து வெளியே வருகிறது. அதைச் சரியாக எண்ணியிருந்தால் ஆனை அந்தப் பெட்டிக்குள் வந்தேயிருக்காது. தப்பாக எண்ணியதால் சொந்தக்காரர் இருவர் ஓரிடத்தில் வந்து சேர்ந்தார்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. வகைப்பாட்டுக்கு நேரடியாகத் தேவையில்லை. சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதே நூலில் நம் ஆனைக்கு எலிபாஸ் மாக்சிமஸ் என்று பெயர் வைத்த லின்னேயஸ், அதன் ஊர் இலங்கை என்று குறித்தார். சாட்சியாக அவர் பார்த்தது சாராயத்தில் ஊறிய ஓர் ஆனைக் கரு. 250 ஆண்டுகள் கழித்து அந்தக் கருவின் புரதத்தையும் டிஎன்ஏவையும் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டது: அது ஆப்பிரிக்க ஆனை. ஆசிய ஆனை இனத்துக்கே ஆதாரமாக ஆப்பிரிக்கக் குட்டி! 2013-ல் அதை விலக்கிவிட்டு, லின்னேயஸ் மேற்கோள் காட்டியிருந்த இன்னொரு ஆனையை ஆதாரமாக்கினார்கள். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் 1664-ல் ஜான் ரே பார்த்து எழுதிய எலும்புக்கூடு அது. இலங்கையில் பிறந்து, ஐரோப்பாவெல்லாம் வித்தை காட்டித் திரிந்து, ரெம்பிராண்ட் கையால் படமாக வரையப்பட்டு, 1655-ல் பிளாரன்ஸில் செத்துப்போன ஹான்ஸ்கென் என்ற பெண் ஆனை. தடாகத்தில் வாழை மரம் சாய்க்கிற ஆனையின் பெயருக்கு இன்று பொறுப்பு அவள்தான்.

மனாட்டிக்குத் திரும்புவோம். 1766-ல் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் லின்னேயஸ் வட துருவத்து வால்ரஸையும் டிரிக்கெக்கஸ் பேரினத்துக்குள் கொண்டுவந்தார். வால்ரஸ் மீனும் சிப்பியும் தின்பது, கடல்நாயின் பங்காளி. ஆனாலும் நெடுங்காலம் அந்தப் பெயர் மாறாட்டம் ஓயவில்லை. 1776-ல் ஸ்டாட்டியஸ் முல்லர் நம் ஆவுளியாவுக்குப் பெயர் வைத்தபோது அவரும் டிரிக்கெக்கஸ் டுகான் என்றே வைத்தார். 1799-ல் லாசெபேத் பிரித்துத் தனிப் பேரினம் ஆக்கினார். இன்றைய பெயர் டுகாங் டுகான். இடையில் இல்லிகர் என்ற ஜெர்மானியர் ஹாலிகோரே, அதாவது கடலின் மகள், என்று ஒரு பெயர் சூட்ட, பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குநூல்களில் அதுவே நீண்ட நாள் ஓடியது. செங்கடலில் கண்டதை ரூப்பெல் வேறு சிற்றினம் என்று நினைத்து, பைபிளில் வரும் ஆசரிப்புக் கூடாரத்தின் மேல்தோல் இதன் தோல்தான் என்ற நம்பிக்கையில் ஹாலிகோரே டாபர்னாகுலி என்று எழுதினார். எல்லாம் ஒரே ஆவுளியாதான்.

இந்தக் குடும்பத்தில் ஐந்தாவது ஒன்றும் இருந்தது. 1741 நவம்பரில் ரஷ்யக் கப்பல் ஒன்று வட பசிபிக்கில் ஒரு தீவருகே சிக்கிக்கொண்டது. கேப்டன் பெரிங் அங்கேயே இறந்தார். கப்பலில் இருந்த ஸ்டெல்லர் என்ற இயற்கையறிஞர் கரையோரம் கடற்பாசி மேய்ந்துகொண்டிருந்த பிரம்மாண்டமான கடல்பசுக்களைக் கண்டார். 25 அடிக்கு மேல் நீளம். அவர் அதை மனாட்டி என்றே நினைத்து விவரமாக எழுதிவைத்தார். உயிரோடு அதைப் பார்த்து எழுதிய விஞ்ஞானி அவர் ஒருவர்தான். பின்னால் வந்த தோல் வியாபாரிகள் கறிக்காக அடித்தார்கள். 1768-க்குள் ஒன்றும் மிச்சமில்லை. கண்டுபிடித்து 27 ஆண்டு. இதற்கு சிம்மர்மன் முறைப்படி அறிவியல் பெயர் வைத்தது 1780-ல். பெயர் வைத்த நாளில் பெயருக்கு உரியது உலகத்தில் இல்லை.

இல்லிகர் 1811-ல் கடல்பசுக்களை ஒன்றாகத் திரட்டி சைரீனியா என்று பெயரிட்டார். கொலம்பஸின் கடல்கன்னிகள் இப்படியாக அறிவியலுக்குள் குடியேறினார்கள். பெயர் நின்றது, இடம் நிற்கவில்லை. அவர் இந்தக் குழுவைத் திமிங்கிலங்களோடு சேர்த்து 'நீந்துவன' என்ற தலைப்பில் வைத்தார். பாரிஸில் குவியே இன்னும் பெரிய ஆள்; ஒற்றை எலும்பைப் பார்த்து முழு விலங்கைச் சொல்லக்கூடியவர் என்று பேரெடுத்தவர். அவரும் 1817-ல் இவற்றைப் புல் தின்னும் திமிங்கிலங்கள் என்றே வகுத்தார். அவர் சொன்னால் ஐரோப்பாவில் மறுபேச்சு ஏது?

ஒருவர் மட்டும் பேசினார். அதே பாரிஸில் இருந்த பிளான்வில், குவியேயிடம் பாடம் கேட்டுப் பிறகு அவருக்கே எதிராளி ஆனவர். 1816-லேயே கடல்பசுவைத் திமிங்கிலத்திடமிருந்து பிரித்து ஆனைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். லின்னேயஸ் மாதிரி தப்புக் கணக்கில் அல்ல. உடம்பைப் படித்துப் பார்த்து. இந்தத் தொடரில் நான் யாருக்காவது கைதட்ட வேண்டுமானால் இவருக்குத் தட்டுவேன். ஆனாலும் குவியேயின் நிழல் பெரிது. பிளான்வில் சொன்னது அம்பலம் ஏற வெகுநாள் பிடித்தது.

அவர் என்ன பார்த்தார் என்பதைத் தடாகத்துத் தோட்டத்தில் நின்றே சொல்லிவிடலாம். தோட்டக்காரரிடம் நானும் அப்படித்தான் சொன்னேன்.

"அண்ணா, மாட்டுக்கு மடி எங்க இருக்குது?"

"பின்னங்கால் நடுவுல."

"ஆனைக்கு?"

"முன்னங்கால் நடுவுல, ரெண்டே காம்பு. குட்டி முன்னாடி வந்துதான் குடிக்கும்."

"கடல்பசுவுக்கும் ரெண்டே காம்புங்க. முன்துடுப்புப் பக்கத்துல, கக்கத்துல இருக்குது."

மனாட்டியின் துடுப்பில் நகம் உண்டு. ஆனைக் காலின் நகத்தைப் பார்த்தவர்கள் அதையும் பார்த்தால் கொஞ்சம் திகைப்பார்கள். அமேசான் மனாட்டிக்கு மட்டும் நகம் இல்லை. அதனால்தான் அதன் பெயரே இனங்குவிஸ், நகமற்றது. நாட்டரர் என்ற ஆஸ்திரியர் பிரேசிலில் ஆண்டுக்கணக்கில் அலைந்து சேகரித்து வைத்த பெயர் அது. அவர் இறந்து 40 ஆண்டு கழித்து, 1883-ல் அச்சேறியது.

பல் இன்னும் வலுவான சாட்சி. நமக்குப் பால்பல் விழுந்தால் கீழிருந்து புதுப்பல் முளைக்கும். ஆனைக்குக் கடைவாய்ப்பல் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வரும். தேய்ந்தது முன்னால் உடைந்து விழ, அடுத்தது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். வாழ்நாளில் ஒவ்வொரு தாடைப் பக்கத்துக்கும் ஆறு பல்தான். ஆறாவதும் தேய்ந்தால் கிழட்டு ஆனை பட்டினியில் சாகும். மனாட்டிக்கும் அதே நகரும் ஏற்பாடு. ஆனால் அதற்கு எண்ணிக்கையே இல்லை. சாகும்வரை பின்னாலிருந்து புதுப்பல் வந்துகொண்டே இருக்கும். மண்ணோடு சேர்த்துப் புல்லை அரைக்கிற வாய்க்கு அது தேவைதான். ஆண் ஆவுளியாவுக்குத் தந்தமே உண்டு. ஆனைக்கு இருப்பதைப் போலவே வெட்டுப்பல் வளர்ந்து வந்த தந்தம், அளவில் மட்டும் சின்னது. பெட்டைக்கு அது பெரும்பாலும் வெளியே தெரியாது. நம் பெண் ஆனைக்கும் அப்படித்தானே.

கடைசியாக, தோட்டக்காரர் குச்சியால் பிரித்த லத்தி. மாடு நான்கு அறை வயிற்றில் அடைத்து, அசைபோட்டு, மறுபடி விழுங்கிச் செரிக்கிற ஜீவன். ஆனை அசைபோடாது, தின்றது குடலின் பின்பகுதியில் புளித்துச் செரிக்கிறது, பாதி அப்படியே வெளியேறுகிறது. கடல்பசுவும் அசைபோடாது. அதற்கும் செரிமானம் பெருங்குடலில்தான். பசு என்ற பெயருக்கு இருந்த கடைசி ஆதாரமும் அங்கே போயிற்று.

எலும்பும் பல்லும் சொன்னதை நம்பாதவர்கள் மூலக்கூறு சொன்னபோது நம்பினார்கள். 1981-ல் நெதர்லாந்தின் டி யோங் குழுவினர் கண் வில்லையில் உள்ள ஒரு புரதத்தை விலங்கு விலங்காக ஒப்பிட்டார்கள். ஆனை, கடல்பசு, ஆப்பிரிக்காவில் முயலளவு இருக்கும் ஹைராக்ஸ், மண்ணைத் தோண்டிக் கறையான் தின்னும் ஆர்ட்வார்க் ஆகியவை ஒரு பக்கமாக வந்து நின்றன. 1998-ல் டிஎன்ஏவை வைத்து இந்தப் பெருங்கூட்டத்துக்கு ஆப்ரோதீரியா என்று பெயரானது. ஆப்பிரிக்காவில் கிளைத்த விலங்குகள் என்று பொருள். ஆனையின் பங்காளிகளைக் கூப்பிட்டு விருந்து வைத்தால் யானைமூஞ்சுறு முதல் மனாட்டி வரை பந்தியில் உட்காரும். நாட்டு மாடு வராது. இதற்கிடையே 2001-ல் டோம்னிங் ஜமைக்காவில் தோண்டியெடுத்த பெசோசைரன் என்ற எலும்புக்கூட்டை விவரித்தார். சுமார் 5 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல்பசு. பன்றியளவு உடம்பு, உடலைத் தாங்கி நடக்கக்கூடிய நான்கு கால்கள். கரையிலிருந்து நீருக்கு இறங்கின பாதை கண்ணில் பட்டுவிட்டது.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வரலாம். மாட்டுக்குக் கடலில் பங்காளியே கிடையாதா? உண்டு. தோட்டக்காரர் முதலில் வாய்தவறிச் சொன்னாரே, திமிங்கலம், அதேதான். திமிங்கிலம் இரட்டைக் குளம்பு விலங்குகளின் வழியில் வந்தது. நீர்யானைக்கு மிக நெருக்கம், மாட்டுக்கும் மானுக்கும் சற்றுத் தூரத்துப் பங்காளி. இதற்கான முக்கிய சாட்சிகளில் ஒன்று இந்திய மண்ணில் கிடைத்தது: ஜம்மு காஷ்மீரின் காலாகோட்டில் புவியியலாளர் ரங்கா ராவ் சேகரித்து வைத்திருந்த பாறைகளுக்குள்ளிருந்து வெளிப்பட்ட இண்டோஹையஸ். 2007-ல் தெவிசென் குழுவினர் அதைத் திமிங்கிலத்தின் நெருங்கிய உறவு என்று காட்டினார்கள். ஆகக் கடல்பசு என்று பெயர் பெற்றது ஆனை வகையறா. பெயரில் பசுவே இல்லாத திமிங்கிலம் மாட்டு வகையறா. இரண்டையும் ஒரே கொட்டிலில் கட்டிய குவியே இதைக் கேட்க இல்லை.

நம் நாட்டுக் கடல்பசுவின் பழைய வீடு கட்ச். அங்குள்ள மயோசீன் காலப் பாறையிலிருந்து கிடைத்த ஒன்றுக்கு 1997-ல் சுனில் பாஜ்பாயும் டோம்னிங்கும் பாரதிசைரன் என்று பெயர் வைத்தார்கள். பாரதமும் கடல்கன்னியும் ஒரே சொல்லில்.

பெயர் வைக்கும் ஆசை ஓய்வதில்லை. 2008 வாக்கில் வான் ரூஸ்மாலன் அமேசானின் கிளையாறு ஒன்றில் குள்ள மனாட்டி என்று ஐந்தாவது சிற்றினத்தை அறிவித்தார். டிஎன்ஏவில் அது அமேசான் மனாட்டியிலிருந்து வேறுபடவில்லை. குட்டியைப் பார்த்துக் குள்ளம் என்றுவிட்டார் என்றே மற்றவர்கள் சொன்னார்கள். பட்டியல் நான்கோடு நிற்கிறது.

தமிழ்க் கரையில் ஆவுளியாவை அருகிருந்து படித்த இடம் மண்டபம். அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த எஸ். ஜோன்ஸ், வளர்ப்பில் வைத்திருந்த ஓர் ஆவுளியா ஜோடியைப் பற்றி 1959-ல் கட்டுரை எழுதினார். கடற்புல்லைக் கொண்டுவந்து போட்டு வருடக்கணக்கில் காப்பாற்றியிருக்கிறார்கள். இன்று சட்டப்படி முதல் அட்டவணை விலங்கு. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டிப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நாட்டில் இது முதல். அந்தக் கரையில்தான் நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடி இரண்டாம் சரபோஜி எழுப்பிய மனோரா கோபுரம் நிற்கிறது. குவியே நெப்போலியனின் அரசில் பெரிய பதவி வகித்தவர். ஆவுளியாவின் சார்பில் யாரோ சரியாகத்தான் இடம் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

கோவைக்கு இதில் என்ன பங்கு? ஆனைகட்டியில் 1990-ல் தொடங்கிய சாலிம் அலி மையம், இப்போது இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டது. ஆவுளியா மீட்புத் திட்டத்தை நடத்துவதும் அந்த நிறுவனமே. ஆனையைக் கட்டிய ஊர் என்று பெயர் பெற்ற இடமும் கடல்பசுவைத் தேடும் படகும் ஒரே கூரைக்கு வந்துவிட்டன. அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வகைப்பாட்டுக்கென்று 2009 முதல் வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா என்ற ஆய்விதழும் கோவையிலிருந்துதான் வெளியாகிறது.

எல்லாம் கேட்டு முடித்த தோட்டக்காரர் சாய்ந்த வாழையில் தப்பிய தார் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

"சரிங் தம்பி. அந்தக் கடல் பங்காளி ராத்திரில தோட்டத்துக்கு வருமா?"

"வராதுங்ண்ணா. கடற்புல்லத்தான் மேயும்."

"அப்ப அது நல்ல பங்காளி" என்றார்.

(அடுத்த வாரம்: வால்பாறைக்கு மேலே புல்மலையில் நிற்கும் வரையாடு. ஓகில்பி 1838-ல் பெயர் வைத்தார். 2005-ல் அது தனிப் பேரினமாகப் பிரிந்தது. வெள்ளாட்டுக்குச் சொந்தமா, செம்மறிக்குச் சொந்தமா என்ற வழக்கு.)